ஏரியூர் அர்ச்சுனனின் பதினோரு நாள் தடங்கல்

ஏரியூரில் அர்ச்சுனனுக்கு வேலை இல்லை என்பது ஊரறிந்த செய்தி. முப்பத்தொன்பது வயது ஆண் பிள்ளை காலை பதினோரு மணிக்குக் கைலியோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் அதற்கு வேறென்ன பொருள் இருக்க முடியும்? அவர் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு மொபைல் செயலிகள் எழுதுகிறார், கொரோனாவில் ஊர் திரும்பியவர் அப்படியே வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அதை வேலை என்று ஒப்புக்கொள்ள ஊருக்கு மனம் வரவில்லை. வேலை என்றால் பஸ் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் நிற்க வேண்டும். அர்ச்சுனன் இரண்டையும் செய்வதில்லை.

போன வருஷம் பெரும்பாலையிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் தகப்பனார் அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஒரு கட்டில், கொடியில் ஒரு துண்டு.

"ஆபீசு எங்கீங்க?"

"இதுதாங்க."

அவர் மேசைக்குப் பின்னால் இருந்த சுவரைச் சிறிது நேரம் பார்த்தார். "கூட வேல செய்யறவங்க?"

"அவங்கவங்க வூட்ல இருக்காங்க."

"ஓகோ," என்றார் அவர். காப்பியைக் குடித்துவிட்டு, கலந்து பேசித் தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனார். இன்றுவரை கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பெற்றோர் காலமாகிவிட்டார்கள். அக்கா இண்டூரில் வாக்கப்பட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பாள். மற்றபடி எதிரே இருக்கும் பச்சியப்பன் டீக்கடைதான் அர்ச்சுனனின் வெளியுலகம். காலையில் ஒரு டீ, மாலையில் ஒரு டீ.

"என்னா அர்ச்சுனா, இன்னிக்கும் லீவா?" என்பார் பச்சியப்பன்.

"இல்லண்ணா. வேல இருக்குது."

"கதவு சாத்தியிருந்துச்சே."

"சாத்திக்கிட்டுதாண்ணா செய்யணும்."

"செய்யி, செய்யி. கதவ சாத்திக்கிட்டு செய்யற வேலயப் பத்தி நாம கேக்கக் கூடாது."

நாலு பேர் சிரிப்பார்கள். அர்ச்சுனனும் சிரிப்பார். பிறகு பேச்சு நிலக்கடலைக்கும் போர்வெல்லுக்கும் போய்விடும். இவருக்குக் காடும் இல்லை, போர்வெல்லும் இல்லை. தம்ளரை வைத்துவிட்டு வந்துவிடுவார். ஒரு செவ்வாய்க்கிழமை, அன்று முழுக்கத் தன் வாயிலிருந்து வெளிவந்த சொற்களை எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்று தேறியது. அதில் ஆறு, நாயை விரட்டியது.

கம்பெனியிலாவது பேச்சு இல்லையா என்றால், இருக்கிறது. தினமும் காலை பத்து மணிக்கு அவர் குழுவின் ஒன்பது பேரும் கணினி வழியாகக் கூடுவார்கள். நின்றபடி நடத்த வேண்டிய கூட்டம் என்று அதற்குப் பெயர். கேமராவை யாரும் போடுவதில்லையாதலால் நிற்பதும் உட்கார்வதும் படுப்பதும் அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டிருந்தது. ஆளுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என் வேலைக்குத் தடங்கல் ஏதும் உண்டா. அந்தத் தடங்கலுக்கு அவர்கள் பாஷையில் பிளாக்கர். "நோ பிளாக்கர்ஸ்" என்றால் மேனேஜர் "தேங்க்யூ, நெக்ஸ்ட்" என்பார். அத்தோடு அந்த ஆளின் அன்றைய மனிதத் தொடர்பு முற்றிற்று.

அர்ச்சுனன் நாலு வருஷமாக நோ பிளாக்கர்ஸ் சொல்லி வந்தவர். வருடாந்திர மதிப்பீட்டில் மேனேஜர் அவரைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தார்: இவரால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. பாராட்டுதான். ஆனாலும் அதைப் படித்த அன்று அர்ச்சுனன் மாலை டீக்குப் போகவில்லை.

இப்படி இருக்கையில்தான் நாய் விவகாரம் வந்தது.

கம்பெனி ஒரு செயலி நடத்தியது. நகரத்தில் நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு அடுத்த தடுப்பூசி என்றைக்கு என்று நினைவூட்டும் செயலி. அதில் நாயின் படத்தைத் தொட்டால் செயலி அப்படியே மூடிக்கொண்டது. பூனையைத் தொட்டால் ஒன்றும் ஆகவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அர்ச்சுனனிடம் வந்தது. இதற்கு டிபக்கர் என்று ஒரு கருவி உண்டு. போனில் ஓடும் செயலிக்கு லேப்டாப்பில் இருந்துகொண்டே நாடி பிடித்துப் பார்க்கிற மென்பொருள் அது. எந்த இடத்தில் மூச்சு நிற்கிறது என்று சொல்லிவிடும். ஆனால் போனும் லேப்டாப்பும் முதலில் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

கண்டுகொள்ளவில்லை. கேபிளைச் செருகினார்; போன் சார்ஜ் ஏறியது; லேப்டாப்போ, எந்தப் போனும் இல்லை என்றது. கேபிளைப் பிடுங்கி மறுபக்கத்துத் துளையில் செருகினார். போனை அணைத்துப் போட்டார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். போன் செட்டிங்கில் டெவலப்பர்களுக்கென்று ஒளித்து வைத்திருக்கும் பக்கத்தைத் திறந்து, அனுமதியை நீக்கி, மறுபடி கொடுத்தார். மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். தொழில் தெரிந்தவர்கள் செய்வதையெல்லாம் செய்து முடித்து, தொழில் தெரியாதவர்கள் செய்வது போலக் கேபிள் முனையில் ஊதியும் பார்த்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. பத்து மணிக் கூட்டத்தில் நாலு வருஷத்தில் முதல் தடவையாக, தனக்கு ஒரு பிளாக்கர் இருப்பதாகவும், டிபக்கர் போனோடு சேரவில்லை என்றும் அறிவித்தார்.

கூட்டத்தில் ஓர் அசைவு தெரிந்தது. மேனேஜர் முழு வாக்கியத்தில், அதுவும் கேள்விக்குறியோடு, என்ன ஆயிற்று என்று கேட்டார். யாரோ ஒருவர் வைரஸ் தடுப்பு மென்பொருளை அணைக்கச் சொன்னார். இன்னொருவர் அணைக்கவே கூடாது என்றார். கடைசியில், குழுவிலிருந்த சோபனா மதியம் இரண்டரை மணிக்கு அர்ச்சுனனைக் கூப்பிட்டு, திரையைப் பார்த்து உதவுவது என்று தீர்மானமாயிற்று.

இரண்டரைக்குச் சோபனா கூப்பிட்டாள். ஐந்து நிமிஷம் இருவரும் ஆங்கிலத்தில் ஒருவரையொருவர் மதித்துக்கொண்டார்கள். ஆறாவது நிமிஷம் அர்ச்சுனன் தன்னை மறந்து, "இந்தக் கேபிளு ஒண்ணுத்துக்கும் ஆவாது போலக்குது," என்று முனகினார்.

"அண்ணா, நீங்க எந்த ஊரு?"

"ஏரியூருங்க. பென்னாகரம் பக்கம்."

"நான் அரூருண்ணா. கல்யாணம் ஆகி ஓசூர்ல இருக்கன். நாலு வருசமா உங்கள மங்களூர்க்காரருன்னு நெனச்சிட்டு இருந்தன்."

"ஏங்க மங்களூரு?"

"நீங்க பேசுனதே இல்லியே. மங்களூர்க்காரங்க அமைதியா இருப்பாங்கன்னு நானா நெனச்சிக்கிட்டன்."

அர்ச்சுனனின் லேப்டாப் பழையது. ஒரு மாற்றம் செய்து செயலியைப் போனில் ஏற்ற அதற்கு ஆறு நிமிஷம் பிடிக்கும். அந்த ஆறு நிமிஷமும் இருவரும் திரையில் நகரும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சும்மா பார்ப்பானேன் என்று அர்ச்சுனன் டீக்கடையைப் பற்றிச் சொன்னார். பெரும்பாலைக்காரர் சுவரைப் பார்த்த கதையைச் சொன்னார். சோபனா சிரித்தாள். போன் சேரவில்லை. இன்னொரு முறை ஏற்றினார்கள். இன்னொரு ஆறு நிமிஷம். வைக்கும்போது முப்பத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை சோபனா ஒரு கேள்வி கேட்டாள். "அந்தக் கேபிளு எங்கண்ணா வாங்குனீங்க?"

"பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுல."

"அது சார்ஜ் மட்டும் போற கேபிளா இருக்கும்ண்ணா. தகவல் போற கம்பியே உள்ள இருக்காது. வேற ஏதாச்சும் இருக்கா பாருங்க."

மாலையில் பீரோவைக் குடைந்தார். பழைய போனின் அட்டைப் பெட்டியில் ஒரு கேபிள் சுருண்டு கிடந்தது. செருகியதும், இந்த லேப்டாப்பை அனுமதிக்கலாமா என்று போன் கேட்டது. அனுமதித்தார். சேர்ந்துகொண்டது. இருபது நிமிஷத்தில் நாயின் மர்மமும் விளங்கியது. நாய் வைத்திருந்தவர்கள் விலை உயர்ந்த போனில் பெரிய பெரிய படமாக எடுத்து ஏற்றியிருந்தார்கள். அதைச் சுருக்காமல் அப்படியே திறக்கப் போய்ச் செயலிக்கு மூச்சு முட்டியது. பூனைக்காரர்கள் அவ்வளவு மெனக்கெடவில்லை. அர்ச்சுனன் இரண்டு வரி மாற்றினார். நாயைத் தொட்டுப் பார்த்தார். நாய் திறந்தது.

சந்தோஷப்பட வேண்டியவர், மேசை முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார். கேபிள் சேர்ந்துவிட்டது என்றால் இரண்டரை மணி அழைப்பு இல்லை. அது ரொம்பச் சாதாரணமான கணக்கு; எந்தக் கருவியும் இல்லாமல் அவருக்கே விளங்கியது.

சனி, ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை காலை மேனேஜர் கேட்டபோது, "தடங்கல் தொடர்கிறது," என்றார்.

இதைப் பொய் என்று யாரும் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. தினமும் மதியம் இரண்டு இருபதுக்கு அர்ச்சுனன் கேபிளைப் பிடுங்கி, பஸ் ஸ்டாண்டு கேபிளைச் செருகிவிடுவார். ஆக, சேரவில்லை என்று அவர் சொல்கிற நேரத்தில் அது உள்ளபடியே சேராமல்தான் இருந்தது. சோபனா சொல்கிற வைத்தியத்தையெல்லாம் ஒழுங்காகச் செய்வார். புதன்கிழமை கேபிளே வேண்டாம், இரண்டையும் ஒரே வைஃபையில் போட்டால் சேர்ந்துவிடும் என்றாள். நல்ல யோசனை, வேலை செய்துவிடக்கூடிய யோசனை. அர்ச்சுனன் போனை ஒரு வைஃபையிலும் லேப்டாப்பை இன்னொன்றிலும் போட்டு அந்த ஆபத்தைச் சமாளித்தார். டிபக்கரைச் சேர்ப்பதற்கு அவர் பட்ட பாடு இரண்டு நாள்தான். சேராமல் பார்த்துக்கொள்ளத்தான் பன்னிரண்டு வருஷ அனுபவமும் தேவைப்பட்டது.

மாலை ஆனதும் நல்ல கேபிளைச் செருகி, மற்ற வேலைகளைச் சத்தமில்லாமல் முடித்து வைப்பார்.

பேச விஷயம் வேண்டுமே. அதற்காக டீக்கடையில் கூடுதலாக அரை மணி நேரம் உட்கார ஆரம்பித்தார். கேட்டதை வீட்டுக்கு வந்து துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார். ஆடு, பெஞ்சு. மின்வாரியக்காரர் செருப்பு. ஒகேனக்கல்லில் மீன் வறுவலுக்குச் சண்டை. மறுநாள் பச்சைக் கோடு நகரத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக எடுத்து விடுவார். சோபனா "ம்ம்" கொட்டுவாள்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஏரியூருக்கு இரண்டு புதுக் கேபிள் கூரியரில் அனுப்பியது. கூரியர்க்காரர் பென்னாகரத்தோடு நின்றுகொண்டு, "சார், இன்னிக்கி அந்தப் பக்கம் வண்டி வராது. நீங்களே வந்து வாங்கிக்கிறீங்களா?" என்றார். அர்ச்சுனன் பேன்ட், சட்டை போட்டுக்கொண்டு காலை ஏழரை பஸ்ஸுக்கு நின்றார். பச்சியப்பன் கடையை விட்டு இறங்கி வந்துவிட்டார்.

"வேலக்கிப் போறியா அர்ச்சுனா?"

"ஆமாண்ணா."

"போய்ட்டு வா, போய்ட்டு வா. இப்பவாச்சும் புத்தி வந்துச்சே." டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். ஏரியூர் அவரை மரியாதையோடு பார்த்த ஒரே நாள் அது. வாங்கி வந்த கேபிள்கள் உறை பிரிக்காமல் பீரோவுக்குப் போயின.

வேலை நாள் கணக்கில் பதினோராவது நாள், வியாழக்கிழமை. காலைக் கூட்டத்தில் மேனேஜர் சோபனாவிடம் நிறுத்தினார். திங்கட்கிழமை புது புராஜெக்ட் ஒன்று தொடங்குகிறது; மாலை நாலு மணிக்கு மேல் வேலை வைக்காத புராஜெக்ட்; பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தை இருப்பதால் சோபனா அதைக் கேட்டிருந்தாள். இதெல்லாம் குழுவுக்குத் தெரியும். மேனேஜர் ஆங்கிலத்தில், மிகுந்த கனிவோடு, ஒரு போனை ஒரு லேப்டாப்போடு சேர்த்து வைக்கப் பத்து நாளாகியும் முடியாத ஒருவரை அங்கே எப்படிப் பரிந்துரைப்பது என்று தனக்கு விளங்கவில்லை என்றார். சோபனா, "நோ பிளாக்கர்ஸ்," என்று மட்டும் சொன்னாள்.

"தேங்க்யூ. நெக்ஸ்ட்."

நெக்ஸ்ட், அர்ச்சுனன்.

அவர் மைக்கைத் திறந்தார். டிபக்கர் இரண்டாம் நாள் மாலையே சேர்ந்துவிட்டது, அதுவும் சோபனா சொன்ன யோசனையால்தான் சேர்ந்தது, நாய்ப் படமும் அன்றே சரியாகிவிட்டது, அதன் பிறகு நடந்ததெல்லாம் தன் பொய் என்றார். ஏன் என்று யாரும் கேட்பதற்குள், "கூப்பிட்டுப் பேச ஆள் இருந்தது, அதனால்தான்," என்று அதையும் சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் அது இன்னும் மோசமாகக் கேட்டது.

மூட மறந்திருந்த ஒரு மைக்கில் யார் வீட்டுக் குக்கரோ விசில் அடித்தது.

மேனேஜர் அனுபவசாலி. இப்படி ஒன்றை நிகழ்ச்சிக் குறிப்பில் எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியும். "குழுவுக்குள் தகவல் தொடர்பில் ஓர் இடைவெளி இருந்திருக்கிறது," என்றார். அர்ச்சுனன் தகவல் தொடர்புத் திறன் பற்றிய எட்டுப் பாடப் பயிற்சியில் சேர வேண்டும், முதல் பாடத்தை நாளை மாலைக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார். தேங்க்யூ, நெக்ஸ்ட்.

அன்று இரண்டரை மணிக்கு லேப்டாப் சும்மா இருந்தது. போன்தான் அடித்தது.

"அண்ணா, சாப்ட்டீங்களா?" சோபனாதான்.

"இன்னும் இல்லீங்க."

"எதுக்குண்ணா அத்தன பேரு முன்னாடி சொன்னீங்க? புதுக் கேபிளு மாட்டினன், சேந்துடுச்சுன்னு சொன்னா முடிஞ்சுது."

"அப்பவும் பத்து நாளா உங்களால முடியலன்னுதான இருக்கும்?"

சோபனா குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு அந்தத் திங்கக்கிழமையே தெரியும்ண்ணா."

"என்னா தெரியும்?"

"டிபக்கர் சேந்தா நம்ம கம்பெனி சர்வர் பதிவுல உங்க போன் பேரோட, நேரத்தோட ஒரு வரி விழும்ல. வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆறு பத்துக்கு விழுந்திருந்துச்சு. அதுக்கப்பறம் டெய்லி சாயங்காலம் விழுது. மத்தியானம் மட்டும் இல்ல. ஒரு கேபிளுக்கு அப்படி நேரங்காலம் தெரியுமா?"

அர்ச்சுனனுக்குக் காது சூடாயிற்று. அந்த வரி விழுகிற ஏற்பாட்டை மூன்று வருஷத்துக்கு முன் செய்து வைத்ததே அவர்தான்.

"தெரிஞ்சிமா தெனம் கூப்ட்டீங்க?"

"எங்க வூட்ல ஒம்போது பேருண்ணா. மாமியா, மாமனாரு, கொழுந்தனார் குடும்பம், எல்லாம் ஒண்ணா. ஆபீசு காலுன்னா மட்டும்தான் கதவ சாத்த வுடுவாங்க. நீங்க பாட்டுக்குப் பேசுவீங்க, நான் ம்ம் கொட்டிக்கிட்டு சாஞ்சிருப்பன். பாப்பா பொறந்ததிலருந்து அப்படி ஒரு அர மணி நேரம் எனக்குக் கெடச்சதில்ல. அந்த ஆட்டுக் கத சொன்னீங்க பாருங்க, அன்னிக்கி பாதியில தூங்கியே போய்ட்டன். கோச்சிக்காதீங்க."

அர்ச்சுனன் கொஞ்சம் யோசித்தார். "எது வரைக்கும் கேட்டீங்க?"

"ஆடு பெஞ்சு மேல ஏறற வரைக்கும்."

"அதுக்கு மேலதாங்க கதையே."

சோபனா சிரித்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டினார்கள். "புது புராஜெக்ட்ல போட்டுட்டாங்கண்ணா. இனிமே மத்தியானம் பூரா மீட்டிங்காம். வெச்சிடட்டுமா?"

"வெய்யிங்க."

பேசியது நாலு நிமிஷம். குக்கரில் காலையில் வைத்த சோறு இருந்தது. அர்ச்சுனன் அதைப் போட்டுச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை பயிற்சியைத் திறந்தார். முதல் பாடத்தில் முதல் கேள்வி: உங்கள் குழுவில் நீங்கள் மனம்விட்டுப் பேசும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும். பெயர்ப் பட்டியல் கீழே தொங்கியது. சோபனாவைத் தேடினார். இல்லை. அவருடைய வீட்டு விலாசத்தைத் திருத்த எட்டு மாதம் எடுத்துக்கொண்ட கம்பெனி, சோபனாவைக் குழுவிலிருந்து எடுக்க ஒரே நாள்தான் எடுத்துக்கொண்டிருந்தது. பாக்கி ஏழு பெயர்கள் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் போக விடவில்லை.

ஆரோக்கியராஜ் என்ற பெயரைத் தொட்டார். இரண்டு மாதத்துக்கு முன் சேர்ந்த ஆள். அவரைப் பற்றி அர்ச்சுனனுக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் பிளாக்கர் கிடையாது என்பதுதான். ஏழு பேரில் தமிழ் ஆள் மாதிரி தெரிந்தது அந்த ஒரு பெயர். அவ்வளவே காரணம்.

இரண்டு நிமிஷத்தில் திரை ஓரத்தில் ஒரு செய்தி வந்தது.

"சார், கோர்ஸ்ல என் பேர போட்டிருக்கீங்களா?"

அர்ச்சுனன் கூச்சத்தோடு தட்டினார். "ஆமாங்க. யார் பேராச்சும் போட்டாதான் அடுத்த பக்கம் வருது."

"தெரியும் சார். புதுசா சேந்தவங்களுக்கும் அந்தக் கோர்ஸ் உண்டு. நான் உங்க பேரத்தான் போட்டன்."

"எனக்கு ஒண்ணும் வரலீங்களே."

"மெயில் வந்திருக்கும் சார். பரவால்ல."

அர்ச்சுனன் மெயிலைத் திறந்து தேடினார். படிக்காத அறிவிப்புகள் அறுநூற்றுச் சொச்சம் இருந்தன. தீயணைப்பு ஒத்திகை, பெங்களூர் அலுவலகத்தில் பிறந்தநாள் கேக், லிஃப்ட் பழுது. நடுவில் அது இருந்தது. ஆரோக்கியராஜ் உங்களைத் தன் உரையாடல் துணையாகத் தேர்ந்தெடுத்துள்ளார். பதிலளிக்க இங்கே தொடவும். தொட்டார். ஏழு நாள்களுக்குள் பதில் வராததால் இந்தக் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது என்று வந்தது.

நீளமாக ஒரு செய்தி தட்டினார். படித்துப் பார்த்துவிட்டு அழித்தார். வேறு விதமாகத் தட்டி அதையும் அழித்தார். கடைசியில், "நீங்க எந்த ஊருங்க?" என்று மட்டும் அனுப்பினார்.

அதற்குள் ஆரோக்கியராஜின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆறு மணி ஆகியிருந்தது. ஆபீஸ் லேப்டாப்பை எல்லாரும் மூடுகிற நேரம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்னும் அறுபத்து நாலு மணி நேரம் இருந்தது.

அர்ச்சுனன் நாற்காலியை மேசைப் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.